இரயில் பயணமும் சிக்கன விடுதியும்: யாத்திரை செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை



திருத்தல யாத்திரை என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது கோபுரமும் தீபாராதனையும்தான். ஆனால் உண்மையில் சந்நிதிக்கு முன்னால் நாம் நிற்பது சில நிமிடங்களே. மீதிப் பொழுதெல்லாம் இரயிலிலும், நிலையத்திலும், முன்பின் அறியாத ஓர் ஊரின் அறையிலுமே கழிகிறது. அந்தப் பொழுது நன்றாக அமைந்தால் தரிசனமும் நிறைவாக அமையும். இரவெல்லாம் தூங்காமல், குளிக்க இடமின்றி, உண்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் சந்நிதிக்கு வந்தவர் கண்ணை மூடினால் இறைவன் தெரிவதில்லை, தூக்கந்தான் வருகிறது.

சிம்பாங் அம்பாட்டிலும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் உள்ள நம்மவர்களில் வயதில் மூத்தோர் பலர் இப்போது பேருந்தைக் காட்டிலும் இரயிலையே விரும்புகின்றனர். கால் நீட்டலாம், கழிவறை உண்டு, எழுந்து நடக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். போய்ச் சேர்ந்த இடத்தில் தங்குவதற்குப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே ஏதேனும் ஒரு சிக்கன விடுதியில் அறை எடுத்துக் கொடுத்து விடுகிறார்கள். ஒரே பெயரில், ஒரே நிறத்தில், ஊருக்கு ஊர் கிளை பரப்பி நிற்கும் தொடர் விடுதிகள் அவை. அவற்றில் தங்கித் திரும்பியவர்களில் சிலர் மெச்சுகிறார்கள். சிலர் மனம் நொந்து பேசுகிறார்கள். இரு சாராரும் தங்கியது ஒரே வகை விடுதிதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டாரத்து இரயில்

முதலில் நம் இரயிலைப் பற்றிச் சில வார்த்தைகள். மலாக்காப் பட்டணத்துக்குள் இன்று இரயில் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 1905ஆம் ஆண்டில் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து சயாம் - பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு சென்றனர். தண்டவாளங்கள் மட்டுமா போயின? தோட்டங்களிலிருந்து நம் மக்களையும் ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றார்கள், திரும்பாதவர் பலர். போருக்குப் பின் அந்தக் கிளைப்பாதை மீண்டும் போடப்படவே இல்லை.

ஆகவே, நமக்கு இரயில் ஏறும் இடம் புலாவ் செபாங் நிலையந்தான். தம்பின் நிலையம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதையே. சிரம்பானுக்கும் கெமாசுக்கும் இடையே மின்சார இரட்டைப் பாதை 2013ல் நிறைவுற்றது. 2015ல் ஈடிஎஸ் என்னும் விரைவு மின் இரயில் கெமாஸ் வரை வந்தது. கொம்யூட்டர் இரயிலோ பத்துமலைக்கும் புலாவ் செபாங்கிற்கும் இடையே ஒரே தடமாக ஓடுகிறது. நம் வாசலில் ஏறி முருகன் வாசலில் இறங்கும் வசதி என்றே இதைச் சொல்லலாம். பத்துமலை நிலையம் 2010ல் திறக்கப்பட்டது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கொம்யூட்டர் வழியில் எல்லா நிலையங்களிலும் நின்று நின்று செல்லும், இருக்கை எண் கிடையாது, கட்டணம் குறைவு. ஈடிஎஸ் குறிப்பிட்ட நிலையங்களில் மட்டுமே நிற்கும். இருக்கை எண்ணோடு முன்பதிவு செய்ய வேண்டும். 60 வயதைத் தாண்டிய மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதால் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூச நாட்களில் இரயில் நிறுவனம் கூடுதல் சேவைகளை அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பைப் பார்த்த பிறகு அறையை முடிவு செய்வது நலம்.

அன்றைய சத்திரம்

இன்றைய விடுதியைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னோடியான சத்திரத்தை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. 1801ல் அம்மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சத்திரங்கள் நடக்கும் முறையை விவரித்திருக்கிறார். எச்சாதியாராயினும் வழிப்போக்கருக்குச் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் பண்டமும் தரப்படும். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். அதுவரை உண்ணாமல் இருப்பவர் எவரும் வந்து உண்ணலாம். நோயுற்றவரைப் பார்க்க மருத்துவர் உண்டு. பிள்ளை பெறும் நிலையில் வந்த பெண்ணுக்கும் கவனிப்பு உண்டு.

இரயில் வந்த பிறகும் இம்மரபு அற்றுப் போகவில்லை. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே சர் சவளை இராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சத்திரம் இரயிலில் வந்திறங்கியவர்களுக்கென்றே அமைந்தது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்தும் சத்திரத்தை அறியாத யாத்திரிகர் இல்லை. ஒரு வகையில் பார்த்தால், ஊருக்கு ஊர் ஒரே முறையில் நடத்தப்பட்ட அந்தச் சத்திரங்களே நம்மவர்களின் தொடர் விடுதிகள் எனலாம்.

மலாயாவில் கதை வேறு. கோலாலம்பூர் இரயில் நிலையம் 1910ல் திறக்கப்பட்டபோது அதற்குள்ளேயே ஒரு ஸ்டேஷன் ஹோட்டல் இருந்தது. ஈப்போ நிலையத்திலும் அவ்வாறே. நிலையங்கள் இரண்டையும் வரைந்தவர் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர். வெள்ளைத் துரைமாரும் செல்வந்தரும் அங்கே தங்கினர். தண்டவாளம் போட்ட நம் மக்கள் அங்கே தங்குவதை எண்ணியும் பார்த்திருக்க மாட்டார்கள். கோயில் மண்டபம், உறவினர் வீடு, தெரிந்தவரின் லயத்து வீடு, இவையே நமக்குத் தங்குமிடமாக இருந்தன. எனவே, காசு கொடுத்து ஹோட்டலில் தங்குவது என்பது நம் குடும்பங்களில் பலருக்கு ஒரு தலைமுறைப் பழக்கமே. இதை மறந்துவிட்டு மூத்தோரைக் குறை கூறுவது முறையாகாது.

தொடர் விடுதி பிறந்த கதை

1951ல் அமெரிக்காவில் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் மனைவி மக்களோடு காரில் பயணம் போனார். வழியில் இருந்த விடுதிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கட்டணம் கேட்டன. அறைகளோ ஓரிடத்தில் நன்றாகவும் மற்றோரிடத்தில் மோசமாகவும் இருந்தன. மனம் வெறுத்த அவர் மறு ஆண்டே மெம்ஃபிஸ் நகரில் ஹாலிடே இன் என்னும் விடுதியைத் தொடங்கினார். எந்த ஊரிலும் ஒரே தரம், குழந்தைகளுக்குத் தனிக் கட்டணமில்லை என்பது அவர் வகுத்த முறை. தொடர் விடுதியின் உயிர்நாடி இந்த 'ஒரே தரம்' என்பதில்தான் இருக்கிறது.

1985ல் பிரான்சு நாட்டில் ஃபார்முல் 1 என்ற விடுதி வந்தது. ஓர் அறைக்கு இன்றியமையாதவை எவை என்று கணக்கிட்டு, மற்றவற்றையெல்லாம் நீக்கியது அது. குளியலறையைக்கூடப் பொதுவாக்கினார்கள். மறு ஆண்டு, 1986ல், ஜப்பானில் தோயோகோ இன் தொடங்கியது. இரயில் நிலையத்துக்கு அருகிலேயே இடம் தேடிக் கட்டுவது அதன் வழக்கம், பசியாறல் இலவசம். இரயில் பயணிக்கு என்ன தேவை என்பதை ஜப்பானியர் நன்கு உணர்ந்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இம்முறையைப் பெரிய அளவில் கொண்டு வந்தது டியூன் ஹோட்டல். ஏர் ஏசியா விமான நிறுவனத்தை நடத்தியவர்களே 2007ல் கோலாலம்பூர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் முதல் விடுதியைத் திறந்தார்கள். மலிவு விமானச் சீட்டின் கணக்கை அப்படியே அறைக்குக் கொண்டு வந்தார்கள். நல்ல மெத்தை, நல்ல குளியல் நீர், மின்விசிறி. இவை மட்டும் அடிப்படை வாடகைக்குள். குளிர்சாதனம் வேண்டுமா? அதற்குத் தனிக் காசு. துண்டு, சோப்பு வேண்டுமா? அதற்கும் தனிக் காசு. முன்கூட்டியே பதிவு செய்தவருக்கு விலை குறைவு. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

இப்போது எல்லாத் தொடர் விடுதிகளும் துண்டுக்குக் காசு வாங்குவதில்லை. விதிகள் விடுதிக்கு விடுதி மாறும். ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. சிக்கன விடுதி என்பது பெரிய ஹோட்டலின் மட்டமான பிரதியன்று. அது ஒரு பட்டியல். எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துப் போட்ட பட்டியல். அந்தப் பட்டியலைப் படித்தவர் மெச்சுகிறார், படிக்காதவர் நொந்துகொள்கிறார். இதுதான் நான் கண்ட வேறுபாடு.

விலை குறைவதற்குக் காரணம்

ஒரு பெரிய ஹோட்டலில் பெட்டி தூக்க ஒருவர், அறைக்கு உணவு கொண்டுவர ஒருவர், வாசலில் வணக்கம் சொல்ல ஒருவர் என்று பலர் இருப்பார்கள். அவர்கள் சம்பளமும் நம் வாடகையில் அடக்கம். சிக்கன விடுதியில் முகப்பில் ஓரிருவரே இருப்பர்; இரவில் ஒருவரே. அறை சிறியது. சில அறைகளுக்குச் சன்னலே இராது. அதனாலேயே அவை இன்னும் மலிவு. உணவகம் பெரும்பாலும் இல்லை. ஆக, நீக்கப்பட்டவற்றுள் முதன்மையானது மனித உதவிதான். இளைஞர்களுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. எழுபது வயதைக் கடந்தவருக்கோ, மனித உதவிதான் மற்ற எல்லாவற்றையும் விடத் தேவையானது. எனவே, விடுதி தராத அந்த உதவியை உடன் செல்பவர் தரவேண்டும். அல்லது புறப்படும் முன்பே சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

நாள் எப்போது தொடங்குகிறது?

இரயிலில் செல்வோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது நேரக் கணக்கு. தொடர் விடுதிகளில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். மறுநாள் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்துவிட வேண்டும். ஓர் இரவு வாடகை என்பது 24 மணி நேரம் அன்று. இடைப்பட்ட நேரத்தில்தான் அறையைத் துப்புரவு செய்கிறார்கள். ஆட்கள் குறைவென்பதால் அவர்களுக்கு அந்த நேரம் கட்டாயம் தேவைப்படுகிறது. இரயிலோ விடுதியின் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. காலை இரயிலில் போனால் 9, 10 மணிக்கே இறங்கிவிடுவோம். அறை கிடைக்க இன்னும் 5 மணி நேரம் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் வட மாநிலப் பட்டணம் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு சிக்கன விடுதியின் முகப்பில் மூதாட்டி ஒருவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். காலை 10 மணிக்கு வந்தவர், நான் பார்த்தபோது பிற்பகல் 1 மணி. நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்பதைப் பின்னர் சொன்னார். விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்று பழகிய உடம்பு, அந்த நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முகம் மட்டும் வாடியிருந்தது. "ஏதும் சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி. தண்ணி குடிச்சா கக்கூசுக்குப் போகணும். இங்க எல்லாத்துக்கும் தனித்தனியா காசாம். துண்டுக்குக்கூட காசுன்னு பேத்தி சொல்லிச்சு" என்றார்.

பேத்தி சொன்னது உண்மைதான். அறையைப் பதிவு செய்தபோது பார்த்ததைப் பாட்டியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எதற்குக் காசு என்று சொன்னவள், எதற்குக் காசில்லை என்று சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றியிராது. முகப்பில் இருந்த இளைஞனிடம் மலாயில் ஒரு வார்த்தை கேட்டேன். அவன் எழுந்து வந்து கழிவறையைக் காட்டினான். குடிநீர் இருக்கும் இடத்தையும் காட்டினான். பையை வாங்கி உள்ளே வைத்து ஒரு சீட்டும் கொடுத்தான். எதற்கும் காசு இல்லை. அவனும் அன்பானவனே, அந்த அம்மாள் கேட்கவில்லை, அவனுக்குத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் ஒரு மூதாட்டி தாகத்தோடு உட்கார்ந்திருந்ததற்கு யாரும் காரணமில்லை. அதனாலேயே இதைப் பொருட்படுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, முன்பதிவு செய்து கொடுக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கீழ்க்கண்டவற்றைத் தாள் ஒன்றில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

1. அறை கிடைக்கும் நேரம், காலி செய்யும் நேரம்.

2. நேரத்துக்கு முன் போனாலும் பையை முகப்பில் வைத்துவிட்டு வெளியே போகலாம். பெரும்பாலான விடுதிகளில் இதற்குக் கட்டணமில்லை. காலி செய்த பிறகு இரயில் வரும் வரைக்கும் இவ்வாறே வைக்கலாம். நகையும் பணமும் மருந்தும் மட்டும் கையில் இருக்கட்டும்.

3. கீழ்த்தளக் கழிவறையைப் பயன்படுத்தக் காசில்லை. கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

4. வாடகை முன்பே கட்டியாயிற்றா, இல்லையா? திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை எவ்வளவு?

குழுவாகச் செல்பவர்களுக்கு ஒரு யோசனை. பத்துப் பேர் அதிகாலையில் போய்ச் சேர்வதாக இருந்தால், ஓர் அறையை மட்டும் முந்திய இரவிலிருந்தே எடுத்துவிடுங்கள். வருவதற்கு நேரமாகும் என்று விடுதிக்கும் முன்பே சொல்லி வையுங்கள். ஓர் இரவு வாடகை கூடுதலாகும். ஆனால் பெண்களும் முதியோரும் முறை வைத்துக் குளித்து, உடை மாற்றி, நேரே கோயிலுக்குப் போகலாம். பத்துப் பேர் பங்கிட்டால் தலைக்குச் சில வெள்ளிதான் வரும்.

அறைக்குள்ளே

அறையைத் திறக்கச் சாவிக்குப் பதிலாக அட்டை தருவார்கள். உள்ளே நுழைந்ததும் கதவருகே உள்ள பிளவில் அதைச் செருகினால்தான் விளக்கு எரியும். இதை அறியாமல் இருட்டில் நின்று அஞ்சியவர்கள் உண்டு. சில விடுதிகளில் மின்தூக்கியும் அந்த அட்டை இல்லாமல் மேலே போகாது. வெளியே போகும்போது அட்டையை எடுத்துக்கொள்ள மறக்கக்கூடாது; கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

பதிவு செய்யும்போது ஒரே கட்டிலா, இரண்டு தனிக் கட்டிலா என்று பார்க்க வேண்டும். அக்காள் தங்கையோ, சம்பந்தியம்மாள்களோ சேர்ந்து தங்குவதாக இருந்தால் தனிக் கட்டில் கேட்பதே நல்லது. மின்தூக்கி உண்டா என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் தவறாமல் கேளுங்கள். பழைய கடைவீடுகளை மாற்றி அமைத்த விடுதிகளில் செங்குத்தான படிகளே இருக்கக்கூடும். குளியலறைத் தளம் வழுக்கும். ஒரு ரப்பர் செருப்பு பையில் இருக்கட்டும்.

பக்தர்களாகிய நமக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. அறையில் சூடம், ஊதுபத்தி ஏற்றாதீர்கள். கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது, அது அலறினால் மொத்த விடுதியும் படியிறங்கி ஓட வேண்டியிருக்கும், அபராதமும் வரலாம். மனத்தால் வணங்கிவிட்டு, விளக்கைக் கோயிலில் ஏற்றிக்கொள்ளலாம். மஞ்சளும் குங்குமமும் வெள்ளை விரிப்பில் பட்டால் எளிதில் போகாது. கறைக்கும் காசு கேட்கும் விடுதிகள் உண்டு. வீட்டிலிருந்தே ஒரு வண்ணத் துண்டும் ஒரு பழைய வேட்டியும் கொண்டு போனால் கவலையில்லை. டுரியான் பழத்துக்குத் தடை என்பது நாடறிந்ததே.

உணவுக்கு அஞ்ச வேண்டாம். விடுதியில் உணவகம் இல்லாதது நமக்கு ஒரு வகையில் நன்மையே. கோலாலம்பூரில் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்சில் தங்கினால் நடக்கும் தூரத்தில் சைவ உணவகங்கள் உண்டு. கந்தசுவாமி கோயிலும் அப்பகுதியில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழருமான இரயில்வே ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வட்டாரம் அது. இரயிலில் வந்த தமிழருக்கு அங்கே அந்நிய உணர்வு தோன்றாது. பினாங்கு செல்வோர் பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கி, அருகிலேயே உள்ள படகுத்துறையிலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கடல் கடக்கலாம். அறையைத் தீவில் எடுப்பதா, கரையில் எடுப்பதா என்பதைத் திரும்பும் இரயிலின் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கட்டணமும் வரியும்

விளம்பரத்தில் கண்ட விலையும் இறுதியில் கட்டும் தொகையும் ஒன்றாக இராததற்குக் காரணம் உண்டு. மார்ச் 1, 2024 முதல் விடுதி அறைகளுக்கான சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சுற்றுலா வரி அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. ஆனால் மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதைக் கட்ட வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பினாங்கு போன்ற இடங்களில் ஊராட்சி மன்றத்துக்கென ஒரு சிறு தொகை தனியே வாங்கப்படும்.

தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை நாட்களில் அறை நிரம்ப நிரம்ப விலை ஏறும். மிக மலிவான விலையில் பதிவு செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே, இரயில் சீட்டு உறுதியாகும் வரை, சற்றுக் கூடுதலானாலும் ரத்து செய்யக்கூடிய வகையையே எடுங்கள். போகவும் வரவும் சீட்டு கைக்கு வந்த பிறகு, பணம் திரும்பாத மலிவு அறையை எடுப்பதில் தவறில்லை.

தமிழகம் செல்வோருக்கு

நம்மில் பலர் தமிழகத் திருத்தலங்களுக்கும் செல்கிறோம். அங்கே இரயிலும் அறையும் வேறு வகையில் அமைகின்றன. சென்னை எழும்பூரில் இரவு ஏறினால் பாண்டியன் விரைவு இரயில் விடியற்காலையில் மதுரையில் இறக்கிவிடும். பாம்பனில் 1914ல் திறந்த பழைய பாலத்தில் இரயில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டு இராமேசுவரத்துக்கு மீண்டும் இரயில் செல்கிறது.

கோயில் ஊர்களில் உள்ள பல லாட்ஜுகள் 24 மணி நேரக் கணக்கில் வாடகை வாங்குகின்றன. காலை 6 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 6 மணி வரை அறை உங்களுடையது. இரயில் பயணிக்கு இதைப் போல் ஏற்ற முறை வேறில்லை. தொடர் விடுதிகளோ அங்கும் கடிகாரக் கணக்குதான். தாதா குழுமத்தினர் 2004ல் தொடங்கியது இன்று ஜிஞ்சர் என்ற பெயரில் நடக்கிறது. 2013ல் தோன்றிய ஓயோ என்னும் நிறுவனம் ஏற்கெனவே உள்ள சிறு விடுதிகளுக்குத் தன் பெயர்ப்பலகையை மாட்டியே பரவியது; ஆகவே பலகை ஒன்றாயினும் உள்ளே தரம் வேறுபடலாம். தமிழக அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971ல் தொடங்கப்பட்டது. 'ஓட்டல் தமிழ்நாடு' என்ற பெயரில் முக்கிய தலங்களில் விடுதிகள் நடத்துகிறது. பெரிய இரயில் நிலையங்களில் பயணிகள் ஓய்வறைகளும் உண்டு. உறுதி செய்யப்பட்ட இரயில் சீட்டின் எண்ணைக் கொண்டு அவற்றை முன்பதிவு செய்யலாம். சில மணி நேரம் குளித்து இளைப்பாற இது போதும்.

மலேசியர்களாகிய நாம் அங்கே வெளிநாட்டவர் என்பதை மறக்கலாகாது. வெளிநாட்டவர் தங்கினால் விடுதியார் அவர்களைப் பற்றிய விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சிச் சில சிறிய லாட்ஜுகள் அறை இல்லை என்று சொல்லிவிடும். பதிவு செய்யும் முன்பே மலேசியக் கடப்பிதழ் உடையவர்க்கு அறை தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். கடப்பிதழ், விசா ஆகியவற்றின் நகல்களைப் பையில் வைத்திருங்கள்.

நிறைவாக

சிக்கன விடுதிகளை நான் பழிக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் என் போன்றோர் ஈப்போவிலும் பினாங்கிலும் கௌரவமாகக் கட்டிலில் படுத்து எழ முடிகிறது என்றால் அவற்றால்தான். ஸ்டேஷன் ஹோட்டலை வெளியில் நின்று பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று அடையாள அட்டையை நீட்டி அறை கேட்கிறார்கள். இது பெருமைக்குரிய மாற்றமே. ஆனால் அந்த விடுதி விற்பது அறை மட்டுமே என்பதை அறிந்து போக வேண்டும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யார் என்று கேட்ட சத்திரத்தின் வேலையை எந்தத் தொடர் விடுதியும் ஏற்றுக்கொண்டதில்லை. அந்த வேலை இப்போது நம்முடையது.

ஆதலால், வீட்டுப் பெரியவர்களை இரயிலேற்றி அனுப்பும் பிள்ளைகளே, அறைக்குப் பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். போய்ச் சேரும் நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு: "பையை வைத்துவிட்டீர்களா? தண்ணீர் குடித்தீர்களா? பசியாறினீர்களா?" இவ்வளவு போதும். குழுவாகச் செல்வோரும், முகப்பில் தனியாக அமர்ந்திருக்கும் நம்மவர் எவரையேனும் கண்டால், அறிமுகமில்லாதவர் என்று கடந்து போகாமல் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லோருடைய யாத்திரையும் இனிதே நிறைவேற எல்லாம் வல்ல இறைவனை வேண்டி நிற்கிறேன்.